குச்சுத் தெரு

அட, அத ஏன் கேக்குற சரசு, தெர்மாகோலுடி! பச்ச ஓலைன்னு நெனச்சுக்கிட்டு நானும் கிட்டப் போயி தடவிப் பாக்குறேன், கையில வெள்ளையா மாவு மாதிரி ஒட்டுது. மண்டபத்து மேடையில வச்சிருந்தாங்களே குச்சு, அது வாடகைக் குச்சாம். பச்ச பெயிண்டு அடிச்சு, சுத்தி சீரியல் பல்பு போட்டு. சடங்குக்கார பொண்ணு உள்ள உக்காந்து போன நோண்டிக்கிட்டு இருக்கு. எல்லாம் முடிஞ்சு தாய்மாமன் குச்சப் பிரிக்கலாம்னு கைய வச்சாரு பாரு, வாடகக்காரன் ஓடியாந்து, "சார் சார், இழுக்காதீங்க சார், நாளைக்கு இதே குச்சு நாச்சியார்கோயில் போகணும்"ங்குறான்! அப்படியே ரெண்டா மடிச்சு வேன்ல ஏத்திட்டான். நான் சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த வெத்தல பூரா புடவையில. நீ கூட, "என்னாயா இது, எல்லாரும் பாக்குறாங்க"ன்னு தொடையில கிள்ளுன.

தெர்மாகோலுக்கு சிரிக்கலடி. குச்ச எரிக்காம தூக்கிட்டுப் போறானேன்னு சிரிச்சேன். அத இந்தக் கும்பகோணத்துல மொதல்ல செஞ்சது நாங்க.

நீ இங்க குடி வந்த அன்னைக்கே கேட்ட. "ஆயா, தெரு மொனையில போர்டுல என்னமோ நீளமா பேரு எழுதியிருக்கு, ஆட்டோக்காரரு குச்சுத் தெருதானேங்குறாரு"ன்னு. அன்னைக்கு கரண்டுக்காரன் வந்துட்டான், பேச்சு நின்னு போச்சு. இன்னைக்குக் கேளு. குழாயில தண்ணி வர்ற வரைக்கும் எனக்கும் வேல இல்ல. அந்த முருங்கக்கீரைய இங்கிட்டு தள்ளு, ஆஞ்சுக்கிட்டே சொல்றேன். காம்போட போட்டுறாத, உன் வீட்டுக்காரரு பல்லு குத்திக்கிட்டே உக்காந்திருப்பாரு.

நான் வேல பாத்தது கிளப்புல. சீட்டாடுற கிளப்பு இல்லடி, ஊருக்கு நல்லது செய்யிற கிளப்பு. டாக்டரு, வக்கீலு, பாத்திரக்கட மொதலாளி, ரைஸ்மில்லுக்காரரு, மிராசுதாரு எல்லாம் வியாழக்கெழம சாயங்காலம் கூடுவாங்க. கண்ணுக்கு முகாம் போடுவாங்க, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கிக் குடுப்பாங்க, மாசி மகத்துக்கு தண்ணிப் பந்தல் வைப்பாங்க. இங்கிலீசுல என்னமோ பேரு. எனக்கு நாக்குல நிக்கவே இல்ல கடசி வரைக்கும்.

எங்க வீட்டுக்காரரு சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுனவரு. டாக்டர் ஐயாவ ஆசுபத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போயி ஏத்திக்கிட்டு வருவாரு. அவரு மஞ்சக் காமாலையில போனப்புறம், டாக்டர் ஐயாதான் என்னையக் கூப்புட்டு கிளப்புல ஆயாவா சேத்து விட்டாரு. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நாத்துப் பறிக்கிறது, நடவு நடுறது, கள எடுக்குறது. நான் பொறந்த குடும்பம் பண்ணையில கூலி வேல பாத்த குடும்பம். பீங்கான் கோப்பைய எப்படி புடிக்கணும்னே தெரியாது. பழகுறதுக்குள்ள ரெண்டு ஒடச்சுட்டேன். நான் படிச்ச படிப்பு அதுதான்.

பழக்குனது சாமிநாதன் சாரு. கிளப்புல வருசா வருசம் தலைவரு மாறுவாரு, சாமிநாதன் சார் மாற மாட்டாரு. அவருதான் கிளார்க்கு, அவருதான் மேனேஜரு, சாவிக்கொத்து அவரு இடுப்புல. ஒடிசலா, மூக்கு நீளமா இருப்பாரு. வெயிலோ மழையோ கையில கொட இருக்கும். யாரையும் இதச் செய்யின்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. "ஆயா, பெருக்கலாமா?" "ஆயா, காபி போடலாமா?" இப்படித்தான். லாமான்னா அது உத்தரவு. எனக்கு அது தெரியுமா? வேலைக்குச் சேந்த மொத நாளு, "பெருக்கலாமா"ன்னு கேட்டாரு. நான், "இப்ப வேணாங்க, வெயில் தாழட்டும்"னுட்டேன்! மனுசன் கொடைய ஊனிக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. அவரு பொறந்ததுலேருந்து யாரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்ல போலருக்கு.

கூட்டம்னா அதுக்கு ஒரு மொற உண்டு. நாற்காலிய எல்லாம் சணல் கயிறு புடிச்சு நேரா வைக்கணும். தலைவரு மேசையில பச்சத் துணி விரிச்சு, நடுவுல பித்தள மணி, அதுக்கு வலப்பக்கம் மரச் சுத்தி. அவரு மணிய அடிச்சா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. இன்னொரு தடவ அடிச்சா உக்காருவாங்க. கூட்டத்துல அரசியல் பேசக்கூடாது, சாமி சண்ட பேசக்கூடாதுன்னு சட்டம். யாராச்சும் ஆரம்பிச்சா, தலைவரு மணியத் தட்டிடுவாரு. "அடுத்த விசயம்"னுடுவாரு. அதோட சரி.

அப்புறம் சட்டையில குத்திக்கிற பேரு வில்ல. அத வாசல் மேசையில அவங்கவங்க வர்ற வரிசைக்கு நான்தான் அடுக்கி வைக்கணும். எனக்கு எழுத்து தெரியாதுல்ல? டாக்டரு வில்லையில டிஞ்சர் கறை இருக்கும். மிராசுதாரு வில்லையில சந்தனம் அப்பியிருக்கும். பாத்திரக்கடக்காரரு வில்ல ஊசி வளஞ்சிருக்கும், அவருக்கு அம்மாம் தொந்தி. வக்கீலுங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு அடையாளமும் இல்ல. ஒரு தடவ மாத்தி வச்சுட்டேன். ரெண்டு பேரும் பாக்காம குத்திக்கிட்டு கூட்டம் பூரா உக்காந்திருந்தாங்க. கோர்ட்டுல கட்சிக்காரன மாத்திக்காம இருந்தா சரின்னு டாக்டர் ஐயா சிரிச்சாரு.

கதைக்கு வர்றேன் இரு. அப்ப கருப்பு செவப்புக் கொடிக்காரங்க ஆட்சிக்கு வந்து கொஞ்ச வருசந்தான் ஆகுது. ஊருக்கு ஊரு நெலத்துச் சண்ட. கூலி ஏத்திக் குடுன்னு ஒரு பக்கம் செவப்புக் கொடி. இன்னொரு பக்கம், குடிசை போட்டிருக்குற மனைய குடியிருக்குறவனுக்கே பட்டா பண்ணிக் குடுக்கப் போறாங்கன்னு பேச்சு. சட்டம் வர்றதுக்குள்ள நாம முந்திக்கணும்னு சில மிராசுங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? தோப்புல இருந்த கூலி சனங்க குடிசைய ஆள் விட்டுப் பிரிச்சுப் போட்டாங்க. குடிசையே இல்லன்னா எந்த மனைக்கு பட்டா?

அப்படி வெளியேத்துன குடும்பம் கொஞ்சம், ஐப்பசி அட மழையில கும்பகோணத்துக்கு நடந்தே வந்து, அரசலாத்துப் பாலத்துக்கு அடியில ஒண்டிச்சு. சட்டி பானை, கோழி, கைக்கொழந்த, குடிசையிலேருந்து உருவிக்கிட்டு வந்த மூங்கில் கழி நாலு. ஓலைய பண்ண ஆளுங்க களத்துல போட்டுக் கொளுத்திட்டாங்களாம். ஆத்துல தண்ணி ஏற ஏற சனங்க கரை மேல ஏறிக்கிட்டே வந்தாங்க. அதுக்கு மேல ரோடு. ரோட்டுக்கு அங்கிட்டு நம்ம கிளப்பு.

சாமிநாதன் சார் வாசல்ல நின்னு பாத்தாரு. கொட ஒரு பக்கமா சாஞ்சு தோளு நனையுது, அது கூடத் தெரியல அவருக்கு. "ஆயா, பந்து கொட்டாயத் தொறக்கலாமா?"ன்னாரு. பின்னாடி தகரம் போட்ட கொட்டா ஒண்ணு இருந்துச்சு, மெம்பருங்க சாயங்காலம் பூப்பந்து ஆடுறது. தொறந்து விட்டேன். எல்லாரும் வந்து செவுத்தோரமா நிக்கிறாங்க, உக்காரத் தோணல. காபி போட்டேன். போட்டுட்டு, எதுல குடுக்குறதுன்னு அவரு மூஞ்சியப் பாக்குறேன். அந்தக் காலம் அப்படிடி. அவரு பூணூல் போட்டவரு. கண்ணாடியத் தொடச்சாரு. "ஆயா, நம்ம பீங்கான் கோப்பையிலேயே குடுக்கலாமா?"ன்னாரு.

குடுத்தேன். அந்தச் சனத்துல காத்தாயின்னு ஒருத்தி. என் வயசுதான் இருக்கும், கருகருன்னு, பல்லு மட்டும் பளிச்சுன்னு. புருசன் பாம்பு கடிச்சு செத்துட்டான். பக்கத்துல மக செல்வி, அவளுக்குப் பின்னாடி காத்தாயியோட தம்பி மாரிமுத்து. காத்தாயி கோப்பையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது கை நழுவுனா எவ்வளவு அழணும்?"ன்னு கேட்டா. "நான் ஏற்கெனவே ரெண்டு அழுதிருக்கேன், நீ குடி"ன்னேன். சிரிச்சுட்டா. அப்புறம்தான் மத்தவங்க உக்காந்தாங்க.

கிளப்புல மொதல்ல எல்லாருக்கும் சந்தோசந்தான். ரொட்டி குடுத்தாங்க, கம்பளி குடுத்தாங்க, பேனர் கட்டி போட்டா புடிச்சாங்க. டாக்டர் ஐயா அந்த வருசம் தலைவரு, கொழந்தைங்களுக்கு மருந்து குடுத்தாரு. வக்கீலு ஒருத்தரு, "ஆத்தங்கரையில வாய்க்கா பொறம்போக்கு சும்மா கெடக்கு, தாசில்தாருகிட்ட எழுதிக் கேட்டிருக்கேன், உத்தரவு வர கொஞ்ச நாள் ஆகும்"னாரு. சனங்களுக்கு உசுரு வந்துச்சு. கொஞ்ச நாள்தானே, கொட்டாயில தள்ளிடலாம்னு.

அங்கதான் சிக்கல். வெளியேத்துன பண்ணையாரே நம்ம கிளப்புல மெம்பரு! சந்தன வில்லைன்னு சொன்னேனே, அவருதான். பேரு வேணாம், அவரு பேரப் புள்ளைங்க இன்னைக்கும் கடத்தெருவுல பாத்தா, "சௌக்கியமா ஆயா"ன்னு வண்டிய நிறுத்திக் கேக்குதுங்க. பீங்கான் கோப்ப விசயம் தெரிஞ்சதுலேருந்து மனுசன் தன் வீட்டு வெள்ளி டம்ளர தானே கொண்டாருவாரு. வாய் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

அடுத்த கூட்டத்துல எந்திரிச்சாரு. இன்னும் பத்து நாள்ல, ஞாயித்துக்கெழம அன்னைக்கு, மெட்ராசுலேருந்து இந்தக் கிளப்புக்கெல்லாம் மேல உள்ள பெரியவரு வர்றாரு, சுண்ணாம்பு அடிக்கணும், பந்து கொட்டாயிலதான் அவருக்கு விருந்து, அதுக்குள்ள கொட்டா காலியாகணும்னாரு. கோவமாச் சொல்லல, மழ வருது கொட எடுத்துக்கங்கன்னு சொல்ற மாதிரி. "அவங்க என் குடிங்க. தோப்புக்குத் திரும்பி வரட்டும், நானே மூங்கில் தர்றேன். மனையில எங்களுக்குப் பாத்தியம் இல்லன்னு ஒரு ரேக வச்சுட்டு வந்தாப் போதும்."

வக்கீலு எந்திரிச்சு, "அதெப்படிங்க, சட்டம் வரப்போகுது"ன்னு ஆரம்பிச்சாரு. டாக்டர் ஐயா மணியத் தட்டிட்டாரு. அரசியல்! தட்டுனவரு மூஞ்சியும் நல்லால்ல, ஆனா சட்டம் சட்டந்தானே. அடுத்த வியாழக்கெழமைக்குள்ள காலி பண்ணணும்னு முடிவாயிடுச்சு.

காத்தாயிகிட்ட நான்தான் சொன்னேன். அவ சோத்தக் கிண்டிக்கிட்டே, "அக்கா, ரேக வச்சா தலமொறைக்கும் போச்சு. வைக்கலன்னா வியாழக்கெழம ராவுக்கு எடம் இல்ல. தாசில்தாரு பேனா மூடியக் கழட்டுற வரைக்கும் எங்கயாச்சும் நிக்க விட்டாப் போதும்"னா. அவ்வளவுதான் அவ கேட்டது. நிக்க ஒரு எடம், கொஞ்ச நாளு.

வியாழக்கெழம காலையில மூட்டையெல்லாம் கட்டிட்டாங்க. கோழியக் கால் கட்டியாச்சு. பண்ண ஆளு ஒருத்தன் மாட்டு வண்டியோட வாசல்ல நிக்கிறான், கையில ரேக வைக்கிற தாளும் மைப்பொட்டியும். அப்பப் பாத்து செல்வி கொட்டா மூலையில உக்காந்தவ எந்திரிக்க மாட்டேங்குறா. காத்தாயி ரெண்டு அதட்டு அதட்டிட்டு கிட்டப் போனா. போனவ அப்படியே தரையில உக்காந்து மார்ல அடிச்சுக்கிட்டா. "அடிப் பாவி மவளே! கூர இல்லாத நேரம் பாத்தா நீ பெரிய மனுசி ஆவணும்!"

நான் ஓடிப்போயி அவ வாயப் பொத்துனேன். நல்ல காரியத்துக்கு அழுவாங்களா? கொலவ போட்டேன் பாரு ஒண்ணு, தகரமே அதிந்துச்சு. மத்த பொம்பளைங்களும் சேந்துக்கிட்டாங்க. வண்டிக்காரன் உள்ள எட்டிப் பாத்து, "என்னாடி நாடகம் இது? வண்டி வந்ததும் வயசுக்கு வருதோ?"ன்னான். "ஏண்டா, உங்க பண்ணையாருகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் வரணுமா அது? உன் பொண்டாட்டியப் போயிக் கேளுடா"ன்னேன். மாட்ட அவுத்து மரத்துல கட்டிட்டு, அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துட்டான்.

மாரிமுத்து தாய்மாமன். அவன்தான் பச்ச ஓல வெட்டி குச்சு கட்டணும். கிளப்புத் தோட்டத்துல தென்ன மரம் இருக்கு, ஆனா அதுல ஒரு கொரும்ப விழுந்தாக் கூட சாமிநாதன் சாருக்குத் தெரியும். மனுசன் வந்தாரு. மூட்ட, வண்டி, மூலையில சுத்தி நிக்கிற பொம்பளைங்க, எல்லாத்தையும் பாத்தாரு. "என்ன ஆயா?" நான் எப்படிச் சொல்றது? அவரு ஆம்பள, அதுவும் அந்த மாதிரி ஆம்பள. புடவத் தலைப்பக் கடிச்சுக்கிட்டு, "பொண்ணு ஒக்காந்துருச்சுங்க"ன்னேன். காது செவந்து போச்சு மனுசனுக்கு. கொடைய விரிச்சுக்கிட்டாரு, கூரைக்கு அடியில! செவுத்தப் பாத்துக்கிட்டு, "எத்தன நாளு?"ன்னாரு. "பதினாறுங்க. குச்ச விட்டு நகத்தக் கூடாதுங்க." அப்புறம் மாரிமுத்துகிட்ட, "கெழக்கால இருக்குற மரத்துல வெட்டலாமா?"ன்னுட்டுப் போயிட்டாரு.

அக்கா மவளுக்குன்னா விடுவானா? வெட்டி, கீத்து முடைஞ்சு, தோப்புலேருந்து தூக்கிட்டு வந்த மூங்கில நட்டு, கொட்டா வாசல்லயே குச்சு கட்டிட்டான். என்னா வாசன தெரியுமா பச்ச ஓலைக்கு! கதவுக்கு ஒரு படல். உள்ள செல்வி, வாசல்ல குறுக்க கிளப்பு ஒலக்க.

அன்னிக்கு சாயங்காலம் கூட்டம். அந்தக் கூத்த நீ பாத்திருக்கணும். படிச்சவங்க, கோர்ட்டுல கத்துறவங்க, அத்தன பேரும் குச்சப் பாத்துட்டுத்தான் உள்ள வந்தாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஒவ்வொருத்தர் வீட்டுலயும் பொண்ணு இருக்கு, தங்கச்சி இருக்கு. என்னன்னு தெரியும், ஆனா அத மேசையில வச்சு எப்படிப் பேசுறது? பண்ணையாரு டம்ளர உருட்டிக்கிட்டே இருந்தாரு. குச்சுல உக்காந்த பொண்ண எழுப்பி விரட்டுன பாவத்த அவரு சொமக்க மாட்டாரு, அதுல அவரு ரொம்ப பயந்தவரு. கடசியில சாமிநாதன் சார் எந்திரிச்சு, "அடைமழை காரணமாக, கொட்டகையைக் காலி செய்வது ஒத்திவைக்கப்படுகிறது"ன்னு வாசிச்சாரு. வெளிய சுள்ளுன்னு வெயில் அடிக்குது! அத்தன பேரும், "ஆமா ஆமா, நல்ல மழ"ன்னு கைய தூக்கிட்டாங்க. டாக்டர் ஐயா மணியத் தட்டுனாரு. அடுத்த விசயம்.

மறுநாளு பாத்தா, ஒவ்வொரு மெம்பர் வீட்டுலேருந்தும் கமுக்கமா தூக்குச்சட்டி வருது. டாக்டர் வீட்டம்மா நல்லெண்ண, பாத்திரக்கட வீட்டுலேருந்து கருப்பு உளுந்து, வக்கீல் வீட்டு வெல்லம். அனுப்புனது ஆம்பளைங்களுக்குத் தெரியாதாம். உளுந்தங்களி கிண்டிக் கிண்டி எனக்குத் தோளு கழண்டு போச்சு. செல்வி, "போதும் பெரியம்மா, தொண்டைக்கு மேல நிக்குது"ன்னு குச்சுக்குள்ளேருந்து மொனகுவா.

ஞாயித்துக்கெழம வந்துச்சு. மெட்ராஸ் பெரியவரு வந்தாரு. அவரு நம்மூரு ஆள் இல்லடி, வடக்கத்திக்காரரு, மெட்ராசுல கம்பெனி வச்சிருக்காரு. செவப்பா, வெள்ளச் சட்ட வெள்ள பேண்டு. பேசுறதெல்லாம் இங்கிலீசு, சாமிநாதன் சார் பின்னாடி சொல்லித்தான் எனக்கு முழுசும் வெளங்குச்சு. மால போட்டாங்க, விருந்து ஹாலுக்கே மாத்தியாச்சு. அவரு கையக் கழுவ பின்பக்கம் வந்தாரு, வந்தவரு குச்சப் பாத்துட்டாரு. சுண்ணாம்பு அடிச்ச செவுத்துக்கு முன்னாடி பச்சப் பசேல்னு நிக்கிதுல்ல?

"இது என்ன?"ன்னாரு.

டாக்டர் ஐயா வக்கீலப் பாக்குறாரு. வக்கீலு பாத்திரக்கடக்காரரப் பாக்குறாரு. இங்கிலீசு அத்தன தெரியும், இதுக்கு மட்டும் ஒருத்தருக்கும் வார்த்த வரல. பெரியவரே சுத்தி வந்தாரு. கொட்டாயில இருந்த சனங்களப் பாத்தாரு, மூட்டையப் பாத்தாரு. அப்புறம் மூஞ்சி பூரா சிரிப்பு. "ஓ! வீடில்லாதவங்களுக்கு நீங்க கட்டித் தரப்போற வீட்டுக்கு மாதிரியா இது? பிரமாதம்! இந்த ஊரு ஓலையிலயே செஞ்சிருக்கீங்களே!"

ஐயோ! நான் தூணுக்குப் பின்னாடி நின்னு புடவத் தலைப்ப வாயில அடச்சுக்கிட்டேன். இல்லன்னு சொல்லணும்னா என்னன்னு சொல்லணும். ஒருத்தராலயும் முடியல. டாக்டர் ஐயா மெதுவா தலைய ஆட்டிட்டாரு. அவரு ஆட்டுனதும் எல்லாரும் ஆட்டுறாங்க.

பெரியவரு படலத் தொறந்து உள்ள பாக்கணும்னு போறாரு! சாமிநாதன் சார் எங்கேருந்து வந்தாரோ, கொடைய விரிச்சு குறுக்க நின்னுட்டாரு. "உள்ள வேல இன்னும் முடியலைங்க." அந்த நேரம் பாத்து உள்ள செல்விக்கு இருமல் வருது. பெரியவருக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு. "ஆள் கூட குடியிருக்காங்களா?" சாமிநாதன் சார் கண்ண மூடிக்கிட்டு, "மாதிரிக்குங்க"ன்னாரு.

கை தட்டுனாரு பாரு பெரியவரு! ஹாலுக்குப் போயி மணிய அடிக்கச் சொல்லி எல்லாரையும் நிக்க வச்சு அறிவிச்சுட்டாரு. அடுத்த தடவ நான் வர்றப்ப இந்த வீடெல்லாம் வரிசையா நிக்கணும், ஓலைக்கு மேல ஓடு போடணும், ஓடு மெட்ராஸ் கிளப்பு வாங்கித் தரும்னு. வக்கீலு விடுவாரா, "எடம் நம்ம தாசில்தாரு பாத்துக்கிட்டு இருக்காருங்க"ன்னு எடுத்துக் குடுத்தாரு. விருந்துக்கு வந்திருந்த தாசில்தாரு வாயில மைசூர்பாகோட எந்திரிச்சு கும்புடு போட்டாரு. அது போதாதுன்னு பெரியவரு பண்ணையாரு கையப் புடிச்சுக்கிட்டு, "நீங்க விவசாயியாமே, இது உங்க ஊரு சனங்களாமே, நீங்கதான் இதுக்கு மொத ஆளா இருந்திருப்பீங்க"ங்குறாரு. பண்ணையாருக்குத் தெரிஞ்ச இங்கிலீசே கொஞ்சம். "எஸ், எஸ்"ன்னாரு. வெளிய வியாழக்கெழமையிலேருந்து அந்த வண்டி கெடந்துச்சு, மாடு அச போட்டுக்கிட்டு. அன்னிக்கு சாயங்காலமே வெறும் வண்டியா திரும்பிப் போச்சு.

ஆனா பாரு, மனுசர முழுசாத் திட்டவும் முடியாது. பதினாறாம் நாளு தண்ணி ஊத்துறப்ப, பண்ண வீட்டுலேருந்து தட்டு வந்துச்சு. மஞ்சளு, பூவு, ஒரு சின்னாளப்பட்டு சேல, ஒரு மூட்ட நெல்லு. பண்ணைக் குடி வீட்டுப் பொண்ணு வயசுக்கு வந்தா பண்ண சீரு செய்யணும்னு பழக்கம். குடிசையக் கொளுத்துனாலும் பழக்கத்த விடல. காத்தாயி ரொம்ப நேரம் அந்தத் தட்டையே பாத்தா. நெல்லத் தொட்டா மறுபடி அவங்க குடி. அப்புறம் மஞ்சளையும் பூவையும் மட்டும் எடுத்துக்கிட்டா. "மங்கலத்த மறுக்கக் கூடாது. நெல்லு கூலியா வந்தா அளந்து வாங்கிக்கிறேன்னு சொல்லு"ன்னா. கொண்டாந்தவனுக்கு வெத்தல பாக்கு குடுத்து அனுப்புனா.

தண்ணி ஊத்தியாச்சு, செல்வி வெளிய வந்தாச்சு. இனி குச்சப் பிரிச்சு எரிக்கணும், அதான் மொற. மாரிமுத்து நெருப்புப் பொட்டிய எடுத்தான். காத்தாயி போயி குச்சுக்கு முன்னாடி நின்னுட்டா.

"கொளுத்தாதடா."

"சாத்திரம்க்கா. எரிக்கலன்னா பொண்ணுக்கு ஆவாது."

"களத்துல கொளுத்துனாங்களே, அதுக்கு எந்தச் சாத்திரம்டா? ஒரு வருசத்துல நம்ம கூர எத்தன தடவ எரியும்? நிக்கட்டும்டா."

அவ கத்தல. அதான் எல்லாருக்கும் என்னமோ ஆயிடுச்சு. கெழவிங்க ஒரு பக்கம் எரிக்கணும்குது, ஒரு பக்கம் வேணாம்குது. மாரிமுத்து கையில குச்சி எரிஞ்சு வெரலச் சுட்டுச்சு, கீழ போட்டான், இன்னொண்ணு ஒரசப் போறான். சாமிநாதன் சார் தள்ளி நின்னு பாத்துக்கிட்டு இருந்தவரு கிட்ட வந்தாரு. கொடைய மடக்கி கக்கத்துல வச்சுக்கிட்டாரு.

"கொளுத்த வேணாம். தூக்குங்க."

லாமா இல்ல! அத்தன வருசம் அவருகிட்ட வேல பாத்தேன், லாமா இல்லாம ஒரு பேச்சு அதுக்கு முன்னாடியும் கேக்கல, பின்னாடியும் கேக்கல. அதுக்கு மொத நாள்தான் ஆத்தங்கரை எடத்துக்கு தாசில்தாரு உத்தரவு வந்திருந்துச்சு. மாரிமுத்துவும் இன்னும் மூணு பேரும் நாலு காலையும் மண்ணோட பறிச்சாங்க. சாத்திரத்துக்கு ஒரே ஒரு ஓலக் கீத்த நான் கிள்ளி அடுப்புல போட்டேன், செல்விக்கு அந்தப் பொகையக் காட்டுனேன், கெழவிங்க வாய் மூடிடுச்சு. குச்ச அப்படியே தோள்ல தூக்கிக்கிட்டு, பெரிய கடத்தெரு வழியா போறாங்க. முன்னாடி சாமிநாதன் சார், பின்னாடி செல்வி மாலையும் கழுத்துமா, அவளுக்குப் பின்னாடி கோழிக்கூட்டோட சனங்க. பாத்திரக் கடையில தட்டுறத நிறுத்திட்டு எந்திரிச்சு நின்னு பாக்குறாங்க. பஸ்ஸே நின்னுச்சுடி. கண்டக்டரு, "யாரு கல்யாணம்?"னு கத்துறான். நான், "வீட்டுக்குக் கல்யாணம்!"னு பதிலுக்குக் கத்துறேன்.

கொண்டாந்து இங்கதான் நட்டாங்க. இந்தா, உன் வீட்டு மாடிப்படி இருக்கே, அந்த எடம். மூணு கல்லு வச்சு பாலு காச்சுனா காத்தாயி. ஓட்டு வீடு பின்னாடிதான் ஒண்ணொண்ணா வந்துச்சு. ஓடு வர்றதுக்கு மெட்ராசுக்கு எத்தன தடவ எழுதிப் போட்டாரு சாமிநாதன் சாரு, அது தனிக் கத. கிளப்புல தெருவுக்குப் பெரிய பேரு வச்சு கல்லு நட்டாங்க. அத யாரு சொன்னா? வெளி சனத்துக்கு அன்னையிலேருந்து இது குச்சுத் தெரு. சாமிநாதன் சார் கண் மூடுற வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கலு இங்க வருவாரு. காத்தாயி வீட்டு வாசல்ல நின்னு, "உள்ள வரலாமா?"ம்பாரு. அது ஒண்ணுதான் அவரு நெசமாவே கேட்ட கேள்வி. காத்தாயி போயி ரொம்ப வருசம் ஆச்சு. பீங்கான் கோப்ப ஒண்ணு கிளப்புல கேட்டு வாங்கி வச்சிருந்தா, இன்னும் அவ மக வீட்டு மாடத்துல...

ஆங்? கேக்குதா? "பெரியம்மா, தண்ணி வந்துருச்சு, கொடத்த எடு"ன்னு தெரு மொனையிலேருந்து கத்துறாளே, ஊரையே அதட்டிக்கிட்டு? அவதான்டி செல்வி. குச்சுக்குள்ளேருந்து இருமுனவ. பேரன் பேத்தி எடுத்துட்டா, தொண்ட மட்டும் அப்படியே இருக்கு பாரு. இந்தா வர்றேன்டி! அந்தப் பச்சக் கொடத்த எடு சரசு, கீரைய மூடி வையி, போன வாரம் மாதிரி அவ உன் கொடத்தத் தள்ளிட்டு தன் கொடத்த முன்னாடி வச்சிடப் போறா.